பெயர் அணியில் ‘பி-சர்ச்’ கொண்டு தேடும் முறை

சி நிரல் மொழியில் ஓர் அணியில், அதாவது நினைவகத்தில் அடுத்தடுத்து வைத்த பட்டியலில், பெயர்களைத் தேட நாமே லூப் (திரும்பத் திரும்ப இயங்கும் கட்டளைகள்) எழுத வேண்டியதில்லை. நிலையான நூலகத்திலுள்ள ‘பி-சர்ச்’ (bsearch) செயற்கூறே, பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்து, அதைச் செய்துவிடும். 1000 பெயர்கள் இருந்தாலும் பத்து ஒப்பீடுகளுக்குள் விடை கிடைக்கும்.

முதலில் ‘க்யூ-சார்ட்’ (qsort) என்னும் வரிசைப்படுத்தும் செயற்கூறு மூலம் அணியை ஏறுவரிசைப்படுத்துங்கள். பின்னர் தேடும் பெயரின் முகவரி, அணியின் தொடக்கம், உறுப்புகளின் எண்ணிக்கை, ஓர் உறுப்பின் பைட் அளவு, இரண்டில் எது முந்தியது என்று சொல்லும் ஒப்பீட்டுச் செயற்கூறு ஆகிய ஐந்தையும் இதே வரிசையில் ‘பி-சர்ச்’சுக்குக் கொடுங்கள். வரிசைப்படுத்தியபோது பயன்படுத்திய ஒப்பீட்டு முறையையே தேடும்போதும் பயன்படுத்தாவிட்டால், இருக்கும் பெயரையே இல்லை என்று சொல்லிவிடக்கூடும்.

பலர் தடுமாறும் இடம் உறுப்பு எது என்பதுதான். ஒவ்வொரு பெயருக்கும் 20 பைட் ஒதுக்கிய அணியில் உறுப்பின் முகவரியே பெயரின் முகவரி. ஆனால் பாயின்டர்களின் (முகவரியை வைத்திருக்கும் மாறிகளின்) அணி என்றால், ஒப்பீட்டுச் செயற்கூறுக்கு வருவது பாயின்டரின் முகவரி என்பதால், ஒரு படி உள்ளே சென்றே எழுத்துகளைப் படிக்க வேண்டும். நானும் இதில் ஒரு மாலைப்பொழுதை இழந்திருக்கிறேன்.

பல தமிழ்ப் பெயர்களுக்கு அந்த 20 பைட் போதாது. யூடிஎஃப்-8 என்னும் எழுத்துக் குறியாக்க முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் (எழுத்து, புள்ளி, உயிர்க்குறி ஒவ்வொன்றும் தனி) 3 பைட் தேவைப்படுவதால், ‘கண்ணன்’ 18 பைட்டும், பெயரின் முடிவைக் காட்டும் முடிவுக்குறிக்கு ஒரு பைட்டுமாக அடங்கிவிடும். ஆனால் ‘முருகன்’ 21 பைட் ஆகி வழிந்துவிடும்.

பெயர் கிடைத்தால் அந்த உறுப்பின் முகவரியும், கிடைக்காவிட்டால் ‘நல்’ (NULL, எதையும் சுட்டாத முகவரி) மதிப்பும் திரும்பி வரும். ஆகவே சோதிக்காமல் அந்த முகவரியைத் தொடாதீர்கள். ஒரே பெயர் இருமுறை இருந்தால் எது வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை.