வாடகை வீட்டுப் பட்டியலில் ‘ஃபியூ’ என்று எழுதாதீர்கள்

இங்கிலாந்துக்குப் புதிதாக வந்து வாடகைக்கு வீடு எடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்த ஏரியாவில் தமிழ்க் கடை இருக்கிறது, எங்கே ரயில் வசதி என்றெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு 640 பவுண்டு நஷ்டம் வைத்த ஒற்றை ஆங்கிலச் சொல்லைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை. ‘ஃபியூ’ என்பதுதான் அந்தச் சொல்.

முதலில் வழக்கமான வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஈ-விசா கணக்கிலிருந்து, இங்கே வாடகைக்கு இருக்க உரிமை உண்டு என்று காட்டும் ஷேர் கோட் எடுத்து, வீட்டை வாடகைக்கு விடும் லெட்டிங் ஏஜென்டிடம் கொடுங்கள். வீட்டைப் பிடித்து வைக்க வாங்கும் முன்பணம் ஒரு வார வாடகையைத் தாண்டக் கூடாது. ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால் டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. 2019 ஜூனிலிருந்து இதுதான் சட்டம். அந்த டெபாசிட்டை 30 நாளுக்குள், அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் சேர்த்துவிட்டு உங்களுக்கு விவரம் தர வேண்டும். குடிபோகும் அன்றே கேஸ், கரண்ட் மீட்டர்களைப் படம் எடுங்கள். உள்ளாட்சி வரியான கவுன்சில் டாக்ஸுக்குப் பெயர் கொடுங்கள், பக்கத்து ஜிபியில், அதாவது குடும்ப டாக்டரிடம், பதிவு செய்யுங்கள். அவ்வளவுதான், இதெல்லாம் தானாக நடந்துவிடும்.

சாவியோடு கூடவே வரும் இன்வென்ட்ரியில்தான் ஆபத்து இருக்கிறது. எந்த அறையில் என்ன இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்ற பட்டியல் அது. முப்பது நாற்பது பக்கம் இருக்கும். ஏழு நாளுக்குள் படித்து, ஏதாவது மாறுபாடு இருந்தால் எழுதி அனுப்பச் சொல்வார்கள்.

நம் ஊரில் இப்படி ஒன்று கிடையாது. வீட்டுக்காரர் பெரும்பாலும் மாடியிலோ கீழேயோ இருப்பார். “சார், பாத்ரூம் குழாய் ஒழுகுது, செவுத்துல ஓதம் இருக்கு” என்று வாயால் சொன்னால் போதும். காலி பண்ணும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பார். நமக்கும் மனம் கொஞ்சம் சுளிக்கும், பிறகு அவர் வீட்டம்மாவிடம் காபி குடித்துவிட்டுக் கிளம்புவோம். இங்கே வீட்டுக்காரரை நான் இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பேசியது எல்லாம் காகிதம்தான்.

நாங்கள் 2021-ல் லண்டனில் கிராய்டன் பக்கம் மாதம் 1,300 பவுண்டுக்கு ஒரு வீடு எடுத்தோம். டெபாசிட் 1,500. இன்வென்ட்ரியில் படுக்கையறைக் கார்ப்பெட் ‘நல்ல நிலை’ என்று போட்டிருந்தது. நான் முட்டி போட்டுப் பார்த்தேன். ஜன்னலுக்குக் கீழே பழுப்புக் கறைகள், கட்டில் ஓரத்தில் இன்னும் சில. சமையலறை வொர்க்டாப்பில் யாரோ சூடான சட்டியை அப்படியே வைத்ததில் கருகிய வளையங்கள். கவனமாகப் பார்த்து எழுதுகிறோம் என்ற பெருமையோடு மெயில் அனுப்பினேன்: “தேர் ஆர் ஃபியூ ஸ்டெய்ன்ஸ் ஆன் த கார்ப்பெட். ஃபியூ பர்ன் மார்க்ஸ் ஆன் த வொர்க்டாப்.” கார்ப்பெட்டில் சில கறைகள் இருக்கின்றன, வொர்க்டாப்பில் சில தீத்தடங்கள் இருக்கின்றன என்பதுதான் நான் சொல்ல நினைத்தது.

இரண்டு வருடம் கழித்துக் காலி செய்தோம். என் மனைவி பொங்கலுக்கு வீடு ஒதுக்குவதுபோல மூன்று நாள் தேய்த்தாள். அடுப்புக்குப் பின்னால் இருந்த டைல்ஸைப் பழைய பல் விளக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்தாள். ஒரு வாரத்தில் பதில் வந்தது: கார்ப்பெட்டில் பதினொரு கறை, வொர்க்டாப்பில் ஐந்து வளையம், 1,100 பவுண்டு பிடித்தம். ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி, டெபாசிட் திட்டத்தின் இலவச சமரசத் தீர்ப்புக்குப் போனேன். அங்கே யாரும் நேரில் பேச மாட்டார்கள், வீட்டையும் வந்து பார்க்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் அனுப்பும் காகிதத்தை வைத்து முடிவு செய்வார்கள். நிரூபிக்க வேண்டிய பொறுப்பு வீட்டுக்காரருடையது, ஏனென்றால் டெபாசிட் சட்டப்படி நம் பணம். அதனால் நம்பிக்கையாகத்தான் இருந்தேன். ஆனால் வீட்டுக்காரர் பக்கம் சாட்சியாக வைத்தது என் மெயிலையேதான்.

குடியேறும்போது கறைகள் மிகக் குறைவு என்று வாடகைதாரரே எழுதியிருக்கிறார், இப்போது பதினொன்று இருக்கிறது, ஆகவே பெரும்பாலானவை அவர் காலத்தில் வந்தவை. இதுதான் தீர்ப்பின் சாரம். கார்ப்பெட்டின் வயதையும் சாதாரணத் தேய்மானத்தையும் கழித்து 640 பவுண்டு பிடித்தார்கள். முதல் நாள் படம் எடுத்து வைக்காதது என் தப்பு. ஆனால் நான் இருந்ததை இருந்தபடி எழுதிய வாக்கியம் எனக்கு எதிராகவே திரும்பியதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அன்று இரவு உட்கார்ந்து யோசித்தேன். ‘ஃபியூ’ என்றால் ‘சில’ என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? அங்கேதான் சிக்கல். ‘எ ஃபியூ’ என்றால்தான் சில. அந்த ‘எ’ இல்லாமல் வெறும் ‘ஃபியூ’ என்றால் ‘அதிகம் இல்லை, இல்லை என்றே சொல்லலாம்’ என்று பொருள். முன்னது இருக்கிறது என்கிறது, பின்னது இல்லை என்கிறது. எண்ணிக்கை இரண்டிலும் மூன்றாகவோ நான்காகவோ இருக்கலாம். சொல்கிறவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதைத்தான் அந்த ஓர் எழுத்து காட்டுகிறது.

நமக்கு இது ஏன் தவறுகிறது என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. தமிழில் ‘சிலர் வந்தார்கள்’ என்பதைவிட ‘ஒரு சிலர் வந்தார்கள்’ என்றால் ஆள் குறைவு. ‘ஒரு சிலரே வந்தார்கள்’ என்றால் பந்தலே காலி. ஆக, நம் காதில் ‘ஒரு’ சேர்ந்தால் அளவு சுருங்குகிறது. ஆங்கிலத்தில் நேர் எதிர்: ‘எ’ சேர்ந்தால் அளவு கூடுகிறது, விட்டால் சுருங்குகிறது. தமிழ் மனதோடு ‘சில கறைகள்’ என்று நினைத்து எழுதினால் கை தானாக ‘எ’யை விட்டுவிடும். நம் மொழியில் அதற்கு அங்கே வேலையே இல்லையே!

தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாக இருக்கும். ‘சென்னை இந்தியாவின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று’ என்பதை மாற்றி எழுதச் சொல்வார்கள். ‘வெரி ஃபியூ சிட்டீஸ் இன் இந்தியா ஆர் ஆஸ் பிக் ஆஸ் சென்னை’ என்று எழுதி முழு மார்க் வாங்கியிருப்போம். சென்னை அளவுக்குப் பெரிய ஊர்கள் அரிது என்பதுதான் அதன் பொருள். குறைவு என்ற அர்த்தம் ‘வெரி’யிலிருந்து வருவதாக நினைத்துக்கொண்டோம். அது ‘ஃபியூ’விலேயே இருக்கிறது, ‘வெரி’ அதை இன்னும் அழுத்துகிறது, அவ்வளவுதான். லண்டனில் தேம்ஸ் கரையோரம், விக்டோரியா எம்பேங்க்மென்டில், 1940-ல் பிரிட்டனைக் காத்த விமானப் படையினருக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. அந்த வீரர்களுக்கு இங்கே பெயரே ‘த ஃபியூ’தான். இத்தனை கோடிப் பேர் இவ்வளவு சொற்பப் பேருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று சர்ச்சில் அந்த ஆண்டு ஆகஸ்டில் பேசியதிலிருந்து வந்த பெயர். அந்தச் சொல் இவர்கள் காதில் எப்படி விழுகிறது என்பது எனக்கு அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

வருடக் கணக்கில் யாரும் நம்மைத் திருத்தாததற்கும் காரணம் இருக்கிறது. பேச்சில் இவர்கள் வெறும் ‘ஃபியூ’வை அதிகம் பயன்படுத்துவதில்லை, ‘நாட் மெனி’ என்பார்கள். அதனால் “ஐ ஹேவ் ஃபியூ டவுட்ஸ்” என்று நாம் சொன்னால் ‘எ’யைத் தாங்களே சேர்த்துக் கேட்டுக்கொள்கிறார்கள். எழுத்தில் அந்தச் சலுகை கிடையாது. என் நண்பர் ஒருவர் ஐடி கம்பெனியில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை ‘ஃபியூ இஷ்யூஸ் ஆர் பெண்டிங்’ என்று மேனேஜருக்கு மெயில் போட்டார். பிரச்சினை பெரிதாக எதுவும் இல்லை போல என்று மேனேஜர் நிம்மதியாக விடுமுறைக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை நண்பர் பட்ட பாட்டை இங்கே எழுத விரும்பவில்லை.

இதைவிட என்னைப் பயமுறுத்தியது இதன் தங்கை, ‘லிட்டில்’. எங்கள் தெருவில் ஒரு அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர். பையனுக்கு இரவில் இழுப்பு. ஜிபியின் ஆன்லைன் படிவத்தில், “மூச்சு விடக் கொஞ்சம் கஷ்டப்படுகிறான்” என்பதை ‘ஹி ஹேஸ் லிட்டில் டிஃபிகல்டி இன் பிரீத்திங்’ என்று எழுதிவிட்டார். மூச்சு விட அவனுக்குச் சிரமமே இல்லை என்று அர்த்தமாகிவிட்டது! சாதாரண அப்பாயின்ட்மென்ட், அதுவும் பத்து நாள் தள்ளி. அன்று இரவே நிலைமை மோசமாகி, மருத்துவ ஆலோசனை எண்ணான 111-க்குப் போன் செய்தார். அவர்கள் போனில் பின்னணியில் கேட்ட மூச்சுச் சத்தத்தை வைத்தே ஆம்புலன்ஸ் அனுப்பினார்கள். பையன் இப்போது இன்ஹேலரோடு நன்றாக ஓடி விளையாடுகிறான். நாம் வலியைக்கூட ‘கொஞ்சம்’ போட்டு அடக்கமாகச் சொல்லி வளர்ந்தவர்கள். டாக்டருக்கு எழுதும்போது மட்டும் அந்த அடக்கம் வேண்டாம், தயவுசெய்து. எத்தனை தடவை, எத்தனை மணிக்கு, தூங்க முடிகிறதா இல்லையா என்று எழுதுங்கள். மூச்சுத் திணறல் கடுமையாக இருந்தால் படிவமே வேண்டாம், நேராக அவசர எண் 999.

இன்னொன்று. வீடு பார்க்கும்போது ஏஜென்ட், “வி ஹேவ் ஹேட் குவைட் எ ஃபியூ பீப்பிள் இன்டரெஸ்டட்” என்பார். ‘குவைட்’ என்றால் ஓரளவு, ‘எ ஃபியூ’ என்றால் சிலர், ஆகப் போட்டி குறைவு என்று நினைத்து நான் இரண்டு நாள் யோசித்தேன். வீடு போய்விட்டது. ‘குவைட் எ ஃபியூ’ என்றால் நிறையப் பேர். ‘எ குட் ஃபியூ’ என்றாலும் அப்படித்தான். ‘எ ஃபியூ’வுக்கு முன்னால் ‘ஒன்லி’ வந்தால் மறுபடியும் குறைவு. பாய்லர் சரிபண்ண ‘எ கப்பிள் ஆஃப் வீக்ஸ்’ என்றால் பதினான்காம் நாள் ஆள் வருவார் என்று காத்திருக்காதீர்கள், தேதி கேட்டு வாங்குங்கள்.

சரி, இன்வென்ட்ரியில் என்னதான் எழுதுவது? ‘எ’யைச் சேர்த்து ‘எ ஃபியூ’ என்று எழுதினால் போதும் என்று நினைக்காதீர்கள். பதினொரு கறையை அதுவும் தாங்காது. எண்ணி எழுதுங்கள். எங்கே, எத்தனை, எவ்வளவு பெரிசு என்ற மூன்றும் இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு பவுண்டு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள், அளவு தெரியும். அந்தப் படங்களை ஏழு நாளுக்குள் ஏஜென்டுக்கு மெயிலில் அனுப்பி, கிடைத்தது என்று பதில் வாங்கி வையுங்கள். போன் உடைந்தாலும் மெயில் இருக்கும்.

போன மாதம் மதுரையிலிருந்து வந்த ஒரு தம்பிக்கு இந்த வேலைக்குக் கூடப் போனேன். சாமான் எதுவும் இல்லாத அறை, குளிர், இரண்டு பேரும் ஸ்வெட்டரோடு தரையில் தவழ்ந்தோம். அவன் மொபைல் டார்ச்சை அடிக்க, நான் டேப் வைத்து அளந்தேன். “அண்ணே, இத்துனூண்டு கறை, இதையுமா எழுதணும்?” என்றான். எழுதச் சொன்னேன். ஜன்னலுக்குக் கீழே நான்கு, பெரியது ஒன்பது சென்டிமீட்டர், கதவோரம் இரண்டு, ரேடியேட்டருக்கு அடியில் ஒன்று, நாணயத்தைவிடச் சிறியது. மொத்தம் ஏழு என்று எண்ணிலும் எழுத்திலும் போட்டு, அந்த அறையை விட்டு வெளியே வரும் முன்பே அனுப்ப வைத்தேன்.