அந்த 68 கிலோ யாருடையது? குழுத் தலைமையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசு நெல்லை அரைத்துத் தரும் ஆலை, நூறு கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசியைத் திருப்பித் தர வேண்டும். ஊறல் தொட்டியில் நிற்பவர், பாய்லர் பார்ப்பவர், டிரையரை இயக்குபவர், அரைவையில் இருப்பவர் ஆகிய நால்வரும் சேர்ந்து காப்பாற்ற வேண்டிய கணக்கு அது. தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்து ஆலையொன்றின் பொறுப்பை ஏற்பவர் எளிதில் செய்துவிடும் தவறு, இந்த ஒரே கணக்கைப் பிரிவுவாரியாக உடைத்துவிடுவது.

ஷிப்டுக்கு இத்தனை மூட்டை என்று டிரையர் பிரிவுக்கு மட்டும் ஊக்கத்தொகை வைத்தால், அவர்கள் சூட்டை ஏற்றி நெல்லை விரைவாக இறக்குவார்கள். அவசரமாகக் காய்ந்த மணியில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். ஆனால் அது உடைவது அரைவையில்தான். குருணை கூடியதற்கு அரைவைக்காரர் பேச்சு வாங்க, மூட்டைக் கணக்கை முடித்தவர் பரிசு வாங்குவார். அதன்பின் இருவருக்கும் முகம் கொடுத்துப் பேசவே மனம் வராது. இதைக் குணக்கேடு என்று எண்ணி, கூட்டம் போட்டு ஒற்றுமையைப் பற்றி அறிவுரை சொல்வது வீண்வேலை. ஊக்கத்தொகையை உடையாத அரிசியின் அளவோடு இணைத்து நால்வருக்கும் பொதுவாக்கினால், ‘இன்னும் கொஞ்சம் ஆறட்டும்’ என்று அரைவைக்காரரே டிரையருக்குப் போய்ச் சொல்வார். பொதுப் பரிசின் நிழலில் உழைக்காதவர் ஒளிந்துகொள்ளலாம் என்பது நியாயமான கவலைதான். ஐந்து பேர் ஷிப்டில் அது சீக்கிரம் வெளிப்பட்டுவிடும், ஐம்பது பேரில் வெளிப்படாது. ஆகவே பரிசுக் குழு சிறியதாக இருக்கட்டும்.

அடுத்த தவறு, கெட்ட செய்தி கொண்டுவருபவரைக் கடிவது. ஐப்பசி மழையில் ஈர நெல் வந்து இறங்கும்போது, அது முதலாளிக்கு வேண்டியவரின் லோடு என்பதால் ஈரப்பதத்தைக் குறைத்து எழுதும் இளைஞரை அச்சம்தான் அப்படி எழுதவைக்கிறது. ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்கு இயங்கிய குழுக்களில் மருந்துத் தவறுகள் கூடுதலாகப் பதிவாகியிருந்ததைக் கண்டார். அங்கே ஊழியர்கள் தவறை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே அதற்கு அவர் கண்ட விளக்கம். தவறே பதிவாகாத ஏட்டைப் பார்த்து மகிழும் மேலாளர் சற்று யோசிக்க வேண்டும்.

தகவல் கடைமடைக்குப் போகாமல் நின்றுவிடுவதும் உண்டு. பகல் ஷிப்டில் எடுத்த முடிவை இரவு ஷிப்டுக்கும் சுமைப்பணியாளருக்கும் யார் சொல்வது என்பதைக் குறிப்பிட்டுச் சொல்லாவிட்டால், யாரும் சொல்வதில்லை.

இவற்றையெல்லாம் நெல் குவிந்தபின் சரிசெய்ய முனைவது காலம் கடந்த வேலை. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-லிருந்து, ஆற்றுப் பாசனக் குறுவை ஆலைக்கு வந்துசேர மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். ஈரம் கூடிய லோடை யார் நிறுத்தி வைக்கலாம், எந்திரத்தை யாரையும் கேட்காமல் யார் நிறுத்தலாம் என்பவற்றை அந்த இடைவெளியிலேயே பேசி, எழுதி, டிரையர் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட வேண்டும்.