ஒரே பாட்டைப் பின்னோக்கிக் கேட்பது எப்படி?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் சர்ச் குவயரில் கிட்டார் வாசித்தவர் யாரிடமாவது ‘ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்’ என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த நொடி ஏ மைனர் கார்டைப் பிடித்து உருட்ட ஆரம்பித்துவிடுவார். நானும் அப்படித்தான், அது அனிமல்ஸ் என்ற இங்கிலாந்து ராக் குழு எழுதின பாட்டு என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை. அது நியூ ஆர்லியன்ஸில் ‘ரைசிங் சன்’ என்ற வீட்டில் தன் வாழ்க்கை கெட்டுப்போனதை ஒருவர் சொல்லும் அமெரிக்க நாட்டார் பாட்டு, இவர்கள் பதிவு செய்தது 1964-இல்.

காதுக்குப் பழகின அந்தப் பதிவிலிருந்தே தொடங்கிப் பழசை நோக்கிப் போங்கள். போகும்போது ஒரே கேள்விதான்: பாட்டில் ‘நான்’ என்று சொல்வது ஆணா, பெண்ணா?

அனிமல்ஸ் பாட்டில் கெட்டுப்போனவன் பையன். 1962-இல் வந்த பாப் டிலனின் முதல் ஆல்பத்தில் பாடுவது ஆண் குரல், ஆனால் கெட்டது பெண். (டிலன் வாசித்த கிட்டார் அமைப்பு டேவ் வான் ராங்க் என்ற இன்னொரு நாட்டார் பாடகருடையது. அவர் பதிவு செய்வதற்குள் டிலன் முந்திவிட்டார்.) நடுவில் உட்டி கத்ரி, லெட் பெல்லி, நீனா சிமோன் என்று பாடகர்கள் எல்லாரும் இருக்கிறார்கள், அவர்களைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். நேரே 1937-க்குப் போய்விடுங்கள். கென்டக்கியில் மிடில்ஸ்பரோ என்ற ஊருக்கு, நாட்டார் பாட்டுகளைச் சேகரித்த ஆலன் லோமாக்ஸ் பதிவு மெஷினைத் தூக்கிக்கொண்டு போக, ஜார்ஜியா டர்னர் என்ற 16 வயதுப் பெண் பாடினாள். கிட்டார் கிடையாது, வெறும் குரல். அங்கேயும் ‘நான்’ பெண்தான்.

அப்போ பெண் பாட்டை ஆம்பிளைகள் மாற்றிவிட்டார்கள் என்று முடிவு கட்டத் தோன்றும், நானும் கட்டினேன். கொஞ்சம் பொறுங்கள். அதற்கும் முன்னால் 1933-இல் கிளாரன்ஸ் ஆஷ்லி, க்வென் ஃபாஸ்டர் என்ற ரெண்டு நாட்டார் கலைஞர்கள் ‘ரைசிங் சன் புளூஸ்’ என்ற பெயரில் பதிவு செய்தார்கள், அதில் ஏற்கெனவே பையன்தான். கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியும். வில்லுப்பாட்டை நடத்தும் ஒரு அண்ணாவி சுடலைமாடன் பிறப்பை விடிய விடிய இழுப்பார், இன்னொருவர் சட்டென்று மயானத்துக்கு வந்துவிடுவார், ரெண்டும் அதே கதைதான்.

அப்புறம், ரெக்கார்டு லேபிளில் பாட்டுக்குக் கீழே இருக்கும் சின்ன எழுத்தையும் படியுங்கள். அனிமல்ஸ் குழுவில் ஐந்து பேர், ஆனால் நாட்டார் பாட்டை இப்படி அமைத்துக் கொடுத்தவர் (அரேஞ்சர்) என்று ஆர்கன் வாசித்த ஆலன் பிரைஸ் பெயர் மட்டும்தான், ராயல்டியும் அவருக்கே. நாட்டார் பாட்டில் காசு எந்தப் பக்கம் போனது என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடும்.

தேடும்போது ரவுட் எண் 6393 என்று போட்டால் வேறு பெயரில் உள்ள பதிவுகளும் வரும். நாட்டார் பாட்டுகளுக்கு ஸ்டீவ் ரவுட் கொடுத்த வரிசை எண் அது.

பழைய பதிவுகளில் இரைச்சல் இருக்கும். மார்த்தாண்டம் பஸ்ஸில் உட்கார்ந்து கேட்காதீர்கள். நான் ஆஷ்லியை முதல் தடவை அப்படிக் கேட்டுத்தான் அந்தப் ‘பையனை’ கோட்டை விட்டேன்.