இன்டர்கூலருக்குப் பம்ப் வாங்கும்போது

டர்போ காரில் தண்ணீரால் குளிரும் இன்டர்கூலர் (டர்போ அழுத்தித் தரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் பாகம்) போடுகிறீர்களா? பெட்டியில் அச்சிட்ட லிட்டர் கணக்கை மட்டும் நம்பிப் பம்ப் வாங்காதீர்கள். அது பெரும்பாலும் எதிர்ப்பே இல்லாமல் அளந்த ஓட்டம். முன்பக்க ரேடியேட்டர், இன்டர்கூலர், நாலைந்து வளைவு எல்லாம் சேர்ந்தால் பாதி வருவதே சந்தேகம். எதிரழுத்தம் ஏற ஏற ஓட்டம் எப்படிக் குறைகிறது என்று காட்டும் வரைபடத்தைக் கேளுங்கள். அதைத் தராத மலிவுப் பம்பை நான் தொடமாட்டேன்.

அப்புறம், பம்பின் வாய் 19 மி.மீ. என்றால் ஹோஸும் அதே அளவு, நடுவில் குறுக்க வேண்டாம். இந்த வகைப் பம்புகள் தானாகத் தண்ணீரை உறிஞ்சாது. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, படுகிடையாகப் பொருத்துங்கள். காற்று சிக்கி வறண்டு ஓடினால் சீல் போய்விடும். வயரிங்கிற்கு ரிலே, ஃபியூஸ் கட்டாயம். எஞ்சின் ஓடும்போது பம்பின் மின் முனையிலேயே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், 13 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும்.