மலை ரயில் வீடியோவில் ஆட்டத்தை நீக்கும் முறை

நீலகிரி மலை ரயிலில் கல்லாறு தாண்டினால் குன்னூர் வரை பல்சக்கரப் பாதை, அதாவது நடுவே பற்கள் கொண்ட தண்டவாளம். என்ஜின் பின்னாலிருந்து தள்ள, பெட்டி அதிர்ந்துகொண்டே ஏறும். சன்னலோரம் எடுத்த வீடியோவில் இரண்டு ஆட்டங்கள் கலந்திருக்கும். கை அசைவதால் வரும் மெதுவான ஆட்டம் மென்பொருளுக்குக் கட்டுப்படும். பல்சக்கர அதிர்வு அப்படியல்ல; ஒவ்வொரு ஃபிரேமையும் மங்கலாக்கிவிடும். படத்தை நகர்த்தி நிறுத்தினாலும் மங்கல் போகாது, நின்ற படத்தில் இன்னும் கண்ணை உறுத்தும்.

அதனால் எடுக்கும்போதே ஷட்டர் வேகத்தை 1/200 நொடி அல்லது அதைவிட வேகமாக வையுங்கள். போனைச் சன்னல் சட்டத்தில் சாய்க்காதீர்கள். அதிர்வு நேராக ஏறிவிடும். முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு கையில் பிடிப்பதே மேல். 4கே-யில் எடுத்து 1080 அளவில் வெளியிட்டால், ஆட்டத்தை நீக்கும்போது ஓரம் வெட்டுவதற்கு இரண்டு மடங்கு வரை இடம் கிடைக்கும். போன் வீடியோவில் ஃபிரேம் வேகம் சீராக இருக்காது. முதலில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு, 'கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்' (சீரான வேகம்) ஆக மாற்றிக்கொள்ளுங்கள்.

தொட்டபெட்டா மாதிரி இடத்தில் நின்றபடியே எடுத்த காட்சிக்கு பிளெண்டர் என்ற மென்பொருள் போதும், இலவசம். மூவி கிளிப் எடிட்டரில் வீடியோவைத் திறந்து, 'செட் சீன் ஃபிரேம்ஸ்' அழுத்துங்கள். கண்ட்ரோலை அழுத்தியபடி கிளிக் செய்தால் மார்க்கர், அதாவது மென்பொருள் பின்தொடரும் குறி, விழும். கண்ட்ரோலோடு T அழுத்தினால் அது முன்னோக்கித் தொடரும்.

மார்க்கரை எங்கே வைப்பது என்பதில்தான் பாதி வேலை. மலை முகடு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் அது வெறும் கோடு. மார்க்கர் அதன் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். தேயிலைச் செடி வரிசையில் எல்லாப் புதரும் ஒன்றுபோல இருப்பதால் பக்கத்துப் புதருக்குத் தாவிவிடும். சில்வர் ஓக் மரத்தின் உச்சி காற்றில் ஆடும். தகரக் கூரையின் மூலை, பாறையின் கூர்முனை, வெள்ளைச் சுவரில் சன்னல் மூலை ஆகியவை நம்பகமானவை. மூலை என்றால் இரண்டு திசையிலும் பிடி கிடைக்கும்.

மேகம் கடக்கும்போது வெளிச்சம் மாறினால் 'நார்மலைஸ்' தேர்வை இயக்குங்கள். மூடுபனி புள்ளியையே மறைத்துவிட்டால் அந்த இடத்தில் நிறுத்தி, பனி விலகிய ஃபிரேமில் புது மார்க்கர் வைப்பதைத் தவிர வழியில்லை.

பிறகு ஸ்டெபிலைசேஷன் பகுதியில் '2டி ஸ்டெபிலைசேஷன்' குறியிட்டு, மார்க்கர்களை இடப்பெயர்ச்சிப் பட்டியலில் சேருங்கள். சாய்வாட்டமும் இருந்தால் சுழற்சிப் பட்டியலிலும் மார்க்கர்கள் வேண்டும். அவை படத்தின் எதிரெதிர் ஓரங்களில் இருக்கட்டும். நெருங்கியிருந்தால் ஒரு பிக்சல் பிழைகூடப் பெரிய சுழற்சியாகத் தெரியும். 'ஆட்டோஸ்கேல்' கறுப்பு ஓரத்தை மறைக்கும். பிளெண்டரின் காம்போசிட்டர் பகுதியில் 'ஸ்டெபிலைஸ் 2டி' நோடு (ஒரு வேலையைச் செய்யும் கட்டம்) வழியாக ரெண்டர் செய்தால் படம் தயார். ஒலியைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

ஓடும் ரயிலுக்கு இது ஒத்துவராது. பிளெண்டர் காட்சியை ஒரே இடத்தில் பூட்டப் பார்க்கும், ரயிலோ நகர்ந்துகொண்டே இருக்கும். அதற்கு டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்பெக்டரில் ஸ்டெபிலைசேஷனில் முதலில் 'டிரான்ஸ்லேஷன்' முறை, சரிவராவிட்டால் 'சிமிலாரிட்டி'. 'பெர்ஸ்பெக்டிவ்' பல நேரம் மரங்களை ரப்பர் போல இழுக்கும். காட்சியை அசையாமல் பூட்டும் 'கேமரா லாக்' வேண்டாம். 'கிராப்பிங் ரேஷியோ' 1 என்றால் ஒன்றும் நடக்காது. குறைக்கக் குறைக்கப் பிடி இறுகும், ஓரமும் அதிகம் வெட்டுப்படும். 'ஸ்மூத்' அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

சன்னல் சட்டம் படத்தில் தெரிந்தால் மென்பொருள் அதையே நிலையாக வைத்து மலையை ஆட்டும். படத்தை முன்பே பெரிதாக்கி, சட்டம் தெரியாதபடி வெட்டித் தனி வீடியோவாக எடுத்து, அதில் இந்த வேலையைச் செய்யுங்கள்.