மூன்றாம் மாதத்தைத் தாண்டுவதற்கு ஒரு குழு: காசநோய்ச் சிகிச்சை பெறுவோர் ஒருவருக்கொருவர் துணையாவது எப்படி?

காசநோய்க்கான மருந்தை ஒருவர் பாதியில் விடுவது, பெரும்பாலும் நோய் கடுமையாக இருக்கும்போது அல்ல, அது போய்விட்டதாகத் தோன்றும்போதுதான். வழக்கமான சிகிச்சை 6 மாதங்கள் நீடிக்கிறது. முதல் 2 மாதங்கள் ஐசோனியாசிட், ரிபாம்பிசின், பைரசினமைட், எதம்பியூட்டோல் ஆகிய நான்கு மருந்துகளும், அடுத்த 4 மாதங்கள் அவற்றில் முதல் இரண்டும் கொடுக்கப்படுகின்றன. சில வாரங்களிலேயே இருமல் அடங்கி, இரவுக் காய்ச்சல் விட்டு, சோறு ருசிக்கத் தொடங்கிவிடும். அப்படித் தேறிவிட்ட பிறகு, கொழும்புப் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை ஒருவருக்கோ, வெள்ளவத்தைக் கடையொன்றில் காலை முதல் இரவு வரை நிற்கும் பெண்ணுக்கோ, மூன்றாம் மாதத்திலும் தினமும் குளிசை போட வேண்டியதன் அவசியம் மனத்தில் படுவதில்லை. ஆனால் உடம்பில் ஒளிந்திருக்கும் கிருமிகள் சாவதற்கே அந்த மாதங்கள் தேவைப்படுகின்றன. இடையில் நிறுத்தினால் நோய் திரும்புவதோடு, மருந்துக்குக் கட்டுப்படாத வகையாக மாறவும் கூடும். ஆகவே ஆதரவுக் குழுவின் தலையாய வேலை, இந்தப் பிற்பாதியை ஒருவரும் உதிராமல் கடக்கச் செய்வதுதான்.

குழுவைத் தொடங்க விரும்புபவர் முதலில் தமது மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போக வேண்டும். மாவட்டக் காசநோய்க் கட்டுப்பாட்டு அதிகாரியிடமும், பகுதிக்குப் பொறுப்பான பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் நோக்கத்தைச் சொல்லி, அவர்களுக்குத் தெரிந்துதான் குழு நடக்க வேண்டும். அங்கே நோயாளர் பட்டியலைக் கேட்கக் கூடாது. அவர்கள் தரவும் மாட்டார்கள், தரவும் கூடாது. குழு கூடும் நாளையும் ஒரு தொலைபேசி எண்ணையும் தமிழிலும் சிங்களத்திலும் சிறு துண்டில் எழுதிக் கொடுத்தால், விரும்புகிறவர்களுக்கு மட்டும் தாதியர் அதைக் கொடுக்கலாம். கொழும்பில் ஒரே வரிசையில் இரு மொழி பேசுவோரும் காத்திருப்பதால், குழுவும் இரு மொழிகளிலும் இயங்குவதே இயல்பு. தமிழில் மட்டும் நடத்துவதானால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நாகரிகம்.

எத்தனை பேர் என்ற கேள்விக்கு, குறைவாக என்பதே என் பதில். வட எத்தியோப்பியாவின் அம்ஹாரா பகுதியில் காசநோய்க் கழகங்கள் அமைக்கப்பட்டபோது, ஒரே அயலில் வாழ்ந்து ஒரே நாளில் மருந்துக்கு வரும் சிலரே சேர்ந்து, தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தெரிவுசெய்துகொண்டார்கள். நமக்கும் அது பொருந்தும்: கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, கிராண்ட்பாஸ் என்று நடந்துபோகக்கூடிய தூரத்தில் இருப்பவர்கள் எட்டுப் பேர் போதும். வழிநடத்துபவர் சிகிச்சையை முழுமையாக முடித்து, இறுதிச் சளிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை என்று உறுதியானவராக இருப்பது மிக நல்லது. நன்றாகப் பேசுகிறவரைத் தேடாதீர்கள். நன்றாகக் கேட்கிறவரைத் தேடுங்கள். மேடைப் பேச்சுப் பழகியவர் கையில் ஒப்படைத்த குழு இரண்டாம் கூட்டத்திலேயே சொற்பொழிவாக மாறிவிடும். புத்தி சொல்வதைக் கேட்க யாரும் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வரமாட்டார்கள்.

இடத்தைத் தெரிவுசெய்வதில் கவனம் மிக அவசியம், ஏனென்றால் இது காற்றில் பரவும் நோய். மருந்துக்குக் கட்டுப்படும் வகை நுரையீரல் காசநோய் உள்ளவர், ஒழுங்காக மருந்து எடுக்கத் தொடங்கிச் சுமார் இரண்டு வாரங்களில் பிறருக்குத் தொற்றக்கூடிய நிலையிலிருந்து பெரிதும் விலகிவிடுகிறார் என்றாலும், அதை அவரவராகத் தீர்மானிக்காமல், கூட்டத்துக்கு வரலாம் என்று வைத்தியர் சொன்ன பிறகே வர வேண்டும். மருந்துக்குக் கட்டுப்படாத வகைக்குச் சிகிச்சை பெறுபவர் இன்னும் நீண்ட காலம் காத்திருக்க நேரலாம். அவரைத் தொலைபேசியில் சேர்த்துக்கொள்ளுங்கள், விட்டுவிடாதீர்கள். யன்னல்களை அடைத்து ஏசி போட்ட மண்டபம் எவ்வளவு வசதியானாலும் வேண்டாம். சனசமூக நிலையத்தின் திறந்த விறாந்தையோ, கோயில் அல்லது பள்ளிவாசல் வளவில் உள்ள மரநிழலோ மேல். அறைதான் கிடைத்ததென்றால், எதிரெதிர் யன்னல்களைத் திறந்து, மின்விசிறியைக் கூட்டத்தின் பின்னால் வைத்து, காற்று யன்னல் வழியே வெளியே போகும்படி திருப்புங்கள். இருமல் இன்னும் உள்ளவர் முகக்கவசத்தோடு வெளியேறும் காற்றுப் பக்கத்துக் கதிரையில் அமரட்டும். கோப்பை, தட்டு, கைகுலுக்கல் ஆகியவற்றால் இந்நோய் பரவுவதில்லை என்பதால், தேநீரை எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கோப்பைகளில் கொடுங்கள். வீட்டில் தனித் தட்டு ஒதுக்கப்பட்ட ஒருவருக்கு அந்தக் கோப்பை ஆயிரம் வார்த்தைக்குச் சமம்.

நாளைப் பொறுத்தவரை, புறக்கோட்டைக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும் ஞாயிறு பிற்பகலே தோதானது. மாதம் இரு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணித்தியாலம்.

கூட்டத்தில் என்ன செய்வது? ஒவ்வொருவரும் கடந்த இரு வாரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதோடு தொடங்கலாம்: எந்த நாளில் குளிசை தவறியது, ஏன் தவறியது. காரணத்தைக் கேளுங்கள், கணக்குக் கேட்காதீர்கள். நேரடிக் கண்காணிப்பில் மருந்து எடுக்க விடியவே சிகிச்சை நிலையத்துக்குப் போக முடியாதவருக்கு, வேலைத்தலத்துக்கு அருகில் வேறோர் இடத்தை ஒழுங்குசெய்ய முடியுமா என்று பரிசோதகரிடம் அவரோடு சேர்ந்துபோய்க் கேட்பது, ஊக்கம் கொடுக்கும் பேச்சை விடப் பெரிய உதவி. நோன்பு நோற்க விரும்புவோர், ரமழான் தொடங்குவதற்கு முன்பே, குளிசை நேரத்தை எப்படி மாற்றுவது என்று வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளும்படி நினைவூட்ட வேண்டும்.

பக்கவிளைவுகளே மிக அதிகமாகப் பேசப்படும் விடயம். இங்கேதான் அனுபவசாலியின் சொல் பயன்படுகிறது, இங்கேதான் அது ஆபத்தாகவும் முடியும். ரிபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாவது பயப்படத்தக்கதல்ல என்று, அதே பயத்தை அனுபவித்த ஒருவர் சொன்னால் புதியவர் நம்புவார். ஆனால் கண் மஞ்சளிப்பது, விடாத வாந்தி, பார்வை மங்குவது அல்லது சிவப்பு, பச்சை நிறங்கள் பிரித்தறியாமல் போவது, கை கால் விறைப்பது போன்றவற்றைக் குழுவில் விவாதித்துக்கொண்டிருக்கக் கூடாது. அன்றே சிகிச்சை நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். கருத்தடைக் குளிசை எடுக்கும் பெண்களுக்கு ரிபாம்பிசின் அதன் வலுவைக் குறைத்துவிடும் என்பதைப் பெண் உறுப்பினர் ஒருவர் தனியே சொல்வது நல்லது. யாருடைய குளிசையையும் கூட்டவோ, குறைக்கவோ, மாற்றவோ குழுவுக்கு உரிமையில்லை. கசாயமும் வெளிநாட்டுச் சத்துமாவும் விற்க வருபவர்களுக்கு அனுமதியே கொடுக்காதீர்கள்.

மீனைப் பற்றிய ஒரு குறிப்பு இலங்கையருக்கு மிக முக்கியமானது. ஐசோனியாசிட் எடுப்பவர் பலயா, கெலவல்லா போன்ற சூரை வகை மீன்களை உண்டால், முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடக்கலாம். பழுதடையத் தொடங்கிய அம்மீன்களில் உருவாகும் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளை உடம்பு சிதைப்பதை அந்த மருந்து தடுப்பதே காரணம். 1970களில் இதை மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் இலங்கை மார்பு நோய் வைத்தியர் சி. ஜி. ஊரகொடவும் ஒருவர். இது தெரியாதவர், “மருந்துதான் ஒத்துக்கொள்ளவில்லை” என்று குளிசையை நிறுத்திவிடுகிறார். அவ்வகை மீனை விட்டுவிட்டு முட்டை, பருப்பு, கடலை, கௌபி என்று மாற்றிக்கொண்டாலே போதும்.

வட்ஸ்அப் குழு வைப்பதானால் அதன் பெயரில் நோயின் பெயர் வரக் கூடாது. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் கண்ணில் படும் ஒரு வரி, ஒருவரின் தங்குமிடத்தையே பறித்துவிடக்கூடும். புகைப்படம் எடுப்பதில்லை, வெளியே ஒருவரை ஒருவர் கண்டால் மற்றவர் வணங்கினால் மட்டும் வணங்குவது என்ற இரு விதிகளையும் முதல் நாளே ஏற்றுக்கொள்ளச் செய்யுங்கள். பணம் சேர்க்கவே வேண்டாம். வருமானம் இழந்தவரைப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் அழைத்துப்போய், காசநோயாளர் உதவித்தொகை பற்றிக் கேட்க உதவுங்கள்.

பெருவின் லீமா நகரில் 1999 முதல் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் உள்ளவர்களுக்காக நடத்தப்பட்ட குழுக்கள், பேச்சோடு நிற்காமல் சுற்றுலாக்களையும், குடும்பத்தாருக்கான அமர்வுகளையும், சிகிச்சை முடித்தவர்களுக்கான கொண்டாட்டங்களையும் சேர்த்துக்கொண்டன. காலிமுகத்திடலில் ஒரு மாலைப்பொழுதுக்குப் பெரிய செலவில்லை.

ஒருவர் இரு கூட்டங்களுக்குத் தொடர்ந்து வராவிட்டால், முன்பே அவரிடம் அனுமதி பெற்றிருந்தால் மட்டும், ஒரே ஒருவர் தொலைபேசியில் அழைக்க வேண்டும். வீட்டு வாசலில் கூட்டமாகப் போய் நிற்கக் கூடாது. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ மலையகத்துக்குப் போகிறவர்கள்தான் அதிகம் விடுபடுகிறார்கள். புறப்படுவதற்கு முன்பே போகும் நாட்களுக்குரிய குளிசைகளைக் கேட்டு வாங்கவும், திரும்பி வருவது உறுதியில்லை என்றால் ஊர் மாவட்டத்தின் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு மாற்றுக் கடிதம் பெறவும், பண்டிகைக்கு முந்திய கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொல்லிவிடுங்கள்.