ரெனால்ட்டா, ரெனோவா? பிராண்ட் பெயர்களில் நாக்கு சறுக்கும் இடங்கள்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் கம்பெனியின் வரலாற்றையே மனப்பாடம் செய்துகொண்டு போவார்கள். கம்பெனி பெயரை எப்படிச் சொல்வது என்று மட்டும் பார்க்க மாட்டார்கள். ரெனோவை 'ரெனால்ட்' என்பதும், கண்ணாடி தயாரிக்கும் ஸான் கோபானை 'செயின்ட் கோபைன்' என்பதும் இப்படித்தான். எழுதியிருக்கிற எல்லா எழுத்தையும் ஒலிப்பது தமிழ் படித்தவர்களின் பழக்கம். பிரெஞ்சுப் பெயரில் அது செல்லாது. ரெனோவில் கடைசி இரண்டு எழுத்தும் ஊமை. டிஸ்ஸோ வாட்ச், பெஜோ கார் எல்லாவற்றிலும் கடைசி எழுத்து வாய்க்கு வராது. ஃபெரேரோ ரோஷே சாக்லேட்டும் கார்னியே ஷாம்புவும் கடைசியில் இருக்கும் 'ஆர்' எழுத்தை விழுங்கிவிடும்.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் அடுத்த தவறுக்குப் போவார்கள். பிரெஞ்சு என்றாலே கடைசி எழுத்தை வெட்டிவிடலாம் என்று நினைத்து 'எர்மே' என்பார்கள். அங்கே 'எஸ்' ஒலிக்கும், முதலில் உள்ள 'எச்' தான் ஊமை, ஆகவே 'எர்மெஸ்'. லூயி வீட்டோனில் நேர்மாறு: முதல் சொல்லின் 'எஸ்' போய்விடும். இதற்கெல்லாம் ஒரே விதி கிடையாது. பெயர் பெயராகத்தான் பழக வேண்டும்.

ஜெர்மன் பெயர்களில் கதை வேறு. அங்கே கடைசி 'இ' (E) எழுத்து ஒலிக்கும். தமிழில் இதைக் காட்டுவது சுலபம்: 'போர்ஷ' என்று எழுதி, 'ஷ'வின் மேல் புள்ளி வைக்காமல் விடுங்கள். புள்ளி வைத்து 'போர்ஷ்' என்றால் ஓர் அசை காணாமல் போகிறது. டாய்ச்ச பேங்க்கும் அப்படியே. அதே 'டாய்'யில் வரும் ஒலிதான் டாக் ஹாயர் வாட்சிலும் வருகிறது, 'ஹியூயர்' இல்லை. ஃபோக்ஸ்வாகன் விஷயத்தில் ஆங்கிலத்தில் 'வோல்க்ஸ்வேகன்' என்பதும் ஏற்கத்தக்கதே. பாதி ஜெர்மனும் பாதி ஆங்கிலமுமாகக் கலக்காமல் இருந்தால் போதும்.

இவையெல்லாம் நுணுக்கம். 'ரெனால்ட்' என்று சொன்னாலும் எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். புரியாமல் போவது வேறு இடத்தில், நம் எழுத்தும் நாக்கும் சேர்ந்து செய்யும் குளறுபடியில்.

முதலில் 'எஃப்'. மறைமலை நகர்க்காரர்கள் பலர் ஃபோர்டை 'போர்டு' என்பார்கள். ஆங்கிலக் காதுக்கு அது கரும்பலகை. மேல் பற்கள் கீழ் உதட்டின் உள்விளிம்பைத் தொட்டு, நடுவே காற்று கசிந்தால் அது 'ஃப'. இரண்டு உதடும் ஒட்டினால் 'ப'. ஃபிலிப்ஸ், ஃபாஸில் எல்லாவற்றுக்கும் இதுவே. கூடவே வரும் இன்னொரு தொல்லை, கடைசியில் ஒட்டிக்கொள்ளும் 'உ'. ஃபோர்டு, டெலாய்ட்டு, மைக்ரோசாஃப்ட்டு என்று தமிழில் முடிக்காமல் இருக்க முடியாது. ஆங்கிலத்தில் அந்த 'உ' இல்லை. நாக்கை மேலே வைத்து நிறுத்திவிட்டு அங்கேயே முடித்துவிட வேண்டும். தனியாகச் சொல்லும்போது சரியாக வரும், வாக்கியத்தில் மறுபடி எட்டிப்பார்க்கும்.

அடுத்தது 'இஸட்'. ஸாராவை 'ஜாரா' என்பது இங்கே பெரும்பாலோரிடம் உண்டு. திருத்தும் வழி: 'ஸ்ஸ்ஸ்' என்று காற்றை வெளியே விட்டுக்கொண்டே குரலைச் சேருங்கள். தொண்டையில் விரல் வைத்தால் அதிர வேண்டும். நாக்கு அண்ணத்தை முட்டக் கூடாது; முட்டினால் 'ஜ' ஆகிவிடும். தமிழில் 'அமேசான்' என்று எழுதுவதால் சிலர் குரலே இல்லாத 'ச'வாகவும் சொல்கிறார்கள், சிலர் 'அமேஜான்' என்கிறார்கள். இரண்டும் இல்லை. முதல் அசையை அழுத்தி, நடு அசையை லேசாக விட்டு, அதிரும் 'ஸ' போட்டால் சரி. ஸ்பெயினில் ஸாராவை 'தாரா' போலத்தான் சொல்வார்கள். அதற்காகச் சென்னையில் அப்படிக் கேட்டுவிடாதீர்கள்.

நாம் தமிழில் எழுதும் விதமும் ஆளைக் கவிழ்க்கும். உயிர்களுக்கு நடுவே ஒற்றைச் 'ச' வந்தால் 'ஸ' போல ஒலிக்கும். அதனால் 'வெர்சாசே' என்று எழுதினால் தவறாகத்தான் வாசிப்பார்கள். 'வெர்ஸாச்சே' என்று இரட்டிக்க வேண்டும். 'நைகி'யும் இப்படியே, 'நைக்கி' என்றால்தான் கிரேக்க வெற்றித் தெய்வத்தின் பெயர் ஆங்கிலத்தில் ஒலிப்பதுபோல வரும். செய்தித்தாள்கள் பரப்பிய 'சியோமி'யை விட்டுவிட்டு 'ஷாவ்-மி' என்று பழகுங்கள். ஏசூஸ் லேப்டாப்பின் பெயர் பெகசஸ் என்ற பறக்கும் குதிரையின் கடைசி நான்கு எழுத்து. பாண்டி பஜாரில் 'லெவிஸ்' என்று கேட்கப்படுவது 'லீவைஸ்'. மேபலீன் என்ற பெயர் மேபல் என்ற பெண் பெயரும் வாஸலீனும் சேர்ந்தது. அதை நினைவில் வைத்தால் கடைசி அசை 'லைன்' ஆகாது.

அழுத்தம் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் எல்லா அசையும் கிட்டத்தட்டச் சம எடை. ஆங்கிலத்தில் ஒன்று தூக்கும், மற்றவை சுருங்கும். காக்னிஸன்ட்டில் 'காக்' தூக்கும், 'ஸன்ட்' சுருங்கும். (ஓஎம்ஆரில் பாதிப் பேர் இன்னும் சி.டி.எஸ். என்று சுருக்கியே தப்பித்துவிடுகிறார்கள்.) அக்சென்ச்சரிலும் டெக்காத்லானிலும் நடு அசைதான் தூக்கும்.

சரிபார்க்க, கம்பெனியின் ஆங்கில விளம்பரத்தில் கடைசிச் சில நொடிகளைக் கேளுங்கள், அல்லது கஸ்டமர் கேருக்கு அடித்து வரவேற்புக் குரலைக் கேளுங்கள். யாரோ போட்ட 'சரியான உச்சரிப்பு' வீடியோக்களை நம்ப வேண்டாம். இயந்திரக் குரலில் தவறாகச் சொல்பவை நிறைய. பிறகு ஃபோனில் உங்கள் குரலைப் பதிவு செய்யுங்கள், பெயரை மட்டும் அல்லாமல் முழு வாக்கியமாக.

வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசும் வேலை என்றால் இன்னொன்று. அடிடாஸின் அழுத்தத்தை அமெரிக்கர் இரண்டாம் அசையில் போடுவார், பிரிட்டன்காரர் முதல் அசையில். ஆடி டாஸ்லர் என்ற நிறுவனர் பெயரிலிருந்து வந்ததால் ஜெர்மனியிலும் முதல் அசைதான். ஹூண்டாயை அமெரிக்கர் 'ஹன்டே' என்பார், 'சன்டே'யோடு எதுகை. பிரிட்டனில் 2023இல் கம்பெனியே விளம்பரம் போட்டு 'ஹ்யூன்டே' என்று மாற்றச் சொன்னது. இங்கே 'ஹூண்டாய்' பழகிவிட்டது, அதில் தவறில்லை. பிரிட்டனில் 'நைக்' என்பவர்களும் நிறையப் பேர். ஐகியாவை ஸ்வீடன்காரர் 'இகேயா' என்பார். வாடிக்கையாளர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே திருப்பிச் சொல்லுங்கள். அவரைத் திருத்தவும் வேண்டாம், ஷோரூமில் 'ரெனால்ட்' என்று சொல்லும் பையனைத் திருத்தவும் வேண்டாம்.